தாத்தா கால் வைத்த இடம்

1

போன மாதம் லீனா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். விடுமுறை தொடங்குவதற்குள் அவள் வகுப்பை வடக்குக் கடற்கரைக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகிறார்களாம். அங்கே ஒரு வளைகுடா இருக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சேறு வெளியே தெரியும். அதன்மேல் நடந்துபோய்ப் பறவைகளையும் கடல்நாய்களையும் பார்க்கலாம். சேற்றில் நடக்கப் பழைய உடுப்பு கொடுத்தனுப்பவும் என்று அடியில் எழுதியிருந்தது. பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. உதவிக்கு வர விருப்பமா என்று கேட்டு இரண்டு கட்டங்கள்.

மூன்று நாள் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் தொங்கியது. லீனாவிடம் போக ஆசையா என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு, போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்று பிரெஞ்சில் சொன்னாள். என் கணவர் நான்காம் நாள் பொறுமை இழந்தார். "கிளாஸே போகுது, நம்ம புள்ள மட்டும் வீட்ல உக்காந்துட்டிருக்கணுமா? அது வெறும் தாளு, கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றார்.

இந்த நாட்டில் வெறும் தாள் என்று ஒன்று கிடையாது. பதினாறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டேன். உதவிக்கு வருகிறேன் என்ற கட்டத்திலும் கோடு போட்டேன். அவளைத் தனியாக இன்னொரு முறை சேற்றில் இறக்க எனக்குத் தைரியம் இல்லை.

முதல் முறை நடந்து இந்த ஜூலையோடு ஒரு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி இதுவரை யாருக்கும் நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

நான் மரக்காணத்துப் பெண். திண்டிவனத்தில் பட்டப்படிப்பு முடித்த கையோடு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு புதுச்சேரிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தினமும் காலையில் யார் யாருடைய அப்பாக்களுக்கோ சாக்ஸ் மாட்டிவிடுகிறேன். வயதானவர்களிடம் குரலை உயர்த்திப் பேசக் கூடாது என்று எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்துச் சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். உப்பளத்தில் மேஸ்திரி. அறுபத்தைந்து வயது. அம்மா இறந்தபின் என் தம்பி குமாரோடு இருக்கிறார். குமார் வாடகை வேன் ஓட்டுகிறான்.

2004 டிசம்பரில் அலை வந்த காலையில், மழையில் கரைந்த வரப்புகளைப் பார்க்க நைனா உப்பளத்துக்குப் போயிருந்தார். இரண்டு நாள் எங்கள் ஊருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. இங்கே தொலைக்காட்சியில் நம் கரையை ஒரு வரைபடமாகக் காட்டிச் சிவப்புப் புள்ளிகள் வைத்தார்கள். மரக்காணம் எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவில் என்று நான் விரலால் திரையைத் தொட்டுத் தேடினேன். மூன்றாம் நாள் குமார் கிடைத்தான். நைனா வரப்பின்மேலேயே ஓடித் தப்பித்துவிட்டார். செருப்பும் கைக்கடிகாரமும் போயின. நைனாவே வாங்கிப் பேசினார். "கடலே என்ன ஒண்ணும் பண்ணல, நீ எதுக்கு அழுவுற?" என்றார்.

அன்று முடிவு செய்தேன், வரும் கோடையில் பிள்ளைகளை அவரிடம் கூட்டிப்போவதென்று. நாலைந்து வருஷத்துக்கு முன் அம்மாவின் சாவுக்குப் போனதுதான் கடைசி. அப்போது லீனாவுக்கு இரண்டு வயது. மகன் அருணுக்கு எட்டு. அவர்களுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரல் அன்றைக்கு நின்றுபோயிருந்தால் அவர்களுக்கு எதுவுமே நடந்திருக்காது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிள்ளைகளுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். சொந்தத் தாத்தாவைப் பார்க்க விசா வாங்க வேண்டும். பயணத்தின் நோக்கம் என்ன என்ற கேள்விக்குக் கீழே வியாபாரம், படிப்பு, மாநாடு, சுற்றுலா என்று வரிசையாகக் கட்டங்கள். தாத்தா என்று ஒரு கட்டம் இல்லை. சுற்றுலா என்று கோடு போட்டேன்.

இன்னொரு தாளும் இருந்தது. நைனாவை மூன்று மாதம் இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டோம். அதற்கு எங்கள் நகராட்சி அலுவலகம் அழைப்புச் சான்று தர வேண்டும். ஒரு மனிதர் டேப்போடு வந்து எங்கள் அறைகளை அளந்தார். கட்டிலை நகர்த்தச் சொல்லி மூலையையும் அளந்தார். இன்னொரு ஆள் வந்தாலும் தலைக்கு இவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு முத்திரை குத்தினார்கள். அந்தச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். புதுச்சேரியில் விசா விண்ணப்பம் கொடுத்து, ஆகஸ்டில் திரும்பும்போது நைனாவையும் அழைத்துவருவதாகத் திட்டம்.

3

அந்த ஆறு மாதமும் நைனா தொலைபேசியில் லீனாவிடம் ஒரே விஷயத்தைத்தான் பேசினார். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவெளி என்று பெரிய ஏரி இருக்கிறது. கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கும். அங்கே பூநாரைகள் வரும். நைனா அவற்றை ரோஸ் கொக்கு என்பார். எத்தனை இருக்கும் என்று லீனா என் வழியாகக் கேட்பாள். நம்ம ஊர் ஜனத்தொகையை விட ஜாஸ்தி என்பார். பெரும்பாலான பறவைகள் வெயில் காலத்தில் போய்விடும், கொஞ்சம் தங்கும், அந்தக் கொஞ்சத்தைத் தங்கச் சொல்லியிருக்கிறேன் என்பார். நான் மொழிபெயர்ப்பேன். லீனா ஒரு படம் வரைந்தாள். ஒற்றைக் காலில் ஒரு பறவை, பக்கத்தில் அதே உயரத்தில் வேட்டி கட்டிய ஒரு மனிதர்.

நானும் லீனாவுக்கு ஆறு மாதம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். தாத்தா எதைச் சொன்னாலும் அப்படியே செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இங்கே பள்ளியில் ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் நல்ல பெயர். நம் ஊரில் அது திமிர். வெளிநாட்டில் வளர்த்த லட்சணத்தைப் பார் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம் எனக்கு. அருண் என் பேச்சைக் கேட்கும் வயதைத் தாண்டிவிட்டான். லீனா கேட்டாள்.

போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் விடிந்ததும் குமாரின் வேனில் கிளம்பினோம். மினரல் வாட்டர் பன்னிரண்டு பாட்டில், கொசுக் களிம்பு, தொப்பிகள், மருந்துப் பெட்டி, மாற்று உடுப்பு என்று நான் ஒவ்வொன்றாக ஏற்றுவதை நைனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, கொக்கு பாக்கப் போறமா, ஆஸ்பத்திரில சேரப் போறமா?"

"அக்கா உட்டா கொக்குக்கும் ஊசி போட்டுடும் நைனா" என்றான் குமார்.

அருண் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நைனா அதில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். "ஏம்பா, உள்ள மோட்டாரு ரிப்பேரா? இந்தச் சத்தம் வருது?" என்றார். அருணுக்கு அவ்வளவு தமிழ் புரியும். ஊருக்கு வந்து முதல்முறையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், நான் பயந்ததெல்லாம் வீண், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இரண்டு மணி நேரம் நீடித்தது.

போகும் வழியில் உப்பளத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். உப்பெடுக்கும் காலம். வரப்போரம் வெள்ளைக் குவியல்கள், கண் கூசியது. அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு விளையும் பாத்தியின் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்டு மாதிரி இறுக்கிவைத்திருப்பார்கள். கண்ட இடத்தில் கால் வைத்தால் களிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும். அதனால் பாத்தியைக் கடக்க வேண்டியிருந்தால் மேஸ்திரி முன்னால் போவார். பின்னால் வருகிறவர்கள் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைக்க வேண்டும். பத்துப் பேர் கடந்தாலும் தரையில் ஒரு ஆளின் தடம்தான் இருக்கும். சின்ன வயதில் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நானும் அப்படித்தான் எட்டி எட்டி நடந்திருக்கிறேன்.

லீனாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நைனாவின் ஒவ்வொரு அடியிலும் குதித்துக் குதித்துப் போனாள். "பாருடா, பொறந்ததுலேருந்து அளத்துலயே கெடந்த மாதிரி வருது" என்று நைனா அங்கே வேலை செய்தவர்களிடம் பெருமையடித்தார். அருண் பாத்தியில் இறங்க மாட்டேன் என்று வரப்பிலேயே நடந்தான். "நீ மொதலாளிப்பா, மேலயே வா" என்றார். அஞ்சலை என்ற பெண், நீளக் கழி செருகிய உப்பு வாரும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களோடு சாலை வரை வந்தாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பாத்தியில் அவளுக்கு வேலையாம். நைனா அவளையும் வேனில் ஏறச் சொன்னார். பலகை வேன் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. அது வேனில் இருந்ததால்தான் என் மகள் இருக்கிறாள்.

4

ஏரி வற்றியிருந்தது. கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் சாம்பல் நிறத்தில் வெடித்துக் காய்ந்த தரை. தண்ணீரின் விளிம்பில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. லீனா என் கையை உதறிவிட்டு நைனாவின் கையைப் பிடித்தாள்.

"நைனா, அலைக்கு அப்புறம் இந்தப் பக்கம் யாரும் எறங்கறதில்ல" என்றான் குமார்.

"நாப்பது வருஷமா நடக்குறேன்டா. நீ வேனப் பாத்துக்க."

இதை நான் கேட்டேன். கொசுவுக்கும் தண்ணீருக்கும் அவ்வளவு பயந்தவள், இதைக் கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். ஆறு மாதம் காத்திருந்த பறவைகள் கண்ணெதிரே இருந்தன. லீனா அவர் கையைப் பிடித்திருந்தாள். அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது திரும்பி, "நான் கால் வெக்கிற எடத்துலயே கால் வெக்கச் சொல்லும்மா" என்றார். நான் லீனாவுக்கு பிரெஞ்சில் சொன்னேன். ஒரு விரற்கடை கூடத் தள்ளி வைக்கக் கூடாது என்று நானாகவும் சேர்த்துக்கொண்டேன். அருணுக்கும் சொன்னேன். அவன் கேட்காமல், காய்ந்த புல் இருந்த பக்கமாகத் தன்பாட்டுக்கு நடந்தான். நான் கேமராவோடு கரையில் நின்றேன்.

படம் ஒன்று எடுத்தேன். முன்னால் நைனா, நாலடி பின்னால் லீனா, தூரத்தில் பறவைகள். அதன்பின் லீனா உயரம் குறைந்தாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. முழங்கால் வரை, அடுத்து இடுப்பு வரை. காலை இழுக்கப் பார்த்து முன்பக்கமாக விழுந்தாள். எழுந்தபோது நெஞ்சு வரை சேறு. அவள் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நைனா திரும்பினார். திரும்பிய வேகத்தில் அவர் காலும் முழங்கால் வரை போய்விட்டது. கையை நீட்டினார். எட்டவில்லை. அவர் ஒரு அடி நகர்ந்தால் சேறு அவளை இன்னும் உள்ளே தள்ளியது. குமார் கயிறு எடுக்க வேனுக்கு ஓடினான். அஞ்சலைதான் பலகையோடு இறங்கினாள். அதைத் தரையில் படுக்கப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்தாள். "படுத்துக்க கண்ணு, மல்லாக்கப் படுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். லீனாவுக்குப் புரியவில்லை. நான் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் பேசிய பாஷையில் படுத்துக்கொள் என்பதற்கு என்ன சொல் என்று எனக்கு வரவில்லை. தினமும் காலையில் முதியவர்களிடம் சொல்கிற சொல். வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது. நானும் படு படு என்று தமிழிலேயே கத்தினேன்.

பிரெஞ்சில் சொன்னது அருண். புல்மேட்டில் நின்றபடி, நிதானமாக, வீட்டில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பானே அந்தக் குரலில். லீனா படுத்தாள். அஞ்சலை அவள் அக்குளில் கை கொடுத்துப் பலகைமேல் இழுத்தாள்.

இந்தச் சந்தடியில் பறவைகள் எழுந்து போய்விட்டன. நான் பார்க்கவில்லை. இறக்கைக்கு உள்பக்கம் இன்னும் சிவப்பாக இருந்தது என்று பல மாதம் கழித்து அருண் சொன்னான்.

நைனா தாமாகக் கரையேறி வந்து நின்றார். தொடை வரை சேறு. லீனாவின் தலையைத் தொடக் கை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதீங்க. வயசாயிடுச்சின்னா வீட்ல கெடக்கணும். எம் புள்ளையக் கொல்லப் பாத்தீங்களா?"

பிறந்ததிலிருந்து அவரை நீ என்றுதான் பேசியிருக்கிறேன். குமாரும் அஞ்சலையும் சாலையில் நின்றுவிட்ட இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா மினரல் வாட்டர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து குமாரிடம் கொடுத்தார். பன்னிரண்டு பாட்டிலும் அவளைக் கழுவவே சரியாகப் போனது.

5

சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் லீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. புதுச்சேரியில் மருத்துவமனையில் நாலு நாள். நைனா தினமும் பஸ் ஏறி வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இரண்டு வாரம் முன்னதாகவே திரும்பிவிட்டோம். நைனாவுக்கான விசா விண்ணப்பத்தைக் கொடுக்கவே இல்லை. அந்த அழைப்புச் சான்று பிளாஸ்டிக் உறையோடு மேஜை டிராயரில் கிடக்கிறது. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

லீனாவுக்கு உடம்பு தேறியது. ஆனால் யாருக்கும் பின்னால் நடப்பதை விட்டுவிட்டாள். பள்ளியில் வரிசையாகப் போகச் சொன்னால் ஒரு அடி பக்கவாட்டில் விலகி நிற்பாள். மாடிப்படியில் நான் முன்னால் போனால் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வருவாள். டீச்சர் கடிதம் அனுப்பி, பள்ளியின் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாள் கனிவாகத்தான் பேசினார். கையில் ஒரு படிவம். வீட்டில் பிள்ளைக்கு எந்த மொழியில் கட்டளைகள் தருகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. தமிழ் என்றேன். சற்று யோசித்து, இரண்டும் என்று மாற்றச் சொன்னேன். அவர் அடித்து எழுதினார்.

அவளுக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழும் அதோடு போயிற்று. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். சில மாதங்களில் தமிழில் கேட்டால் பதிலே வராமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பேசும்போது அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நைனாவும் அவளைக் கூப்பிடச் சொல்வதில்லை. என்னிடம் பேசும்போது, "சாப்ட்டீங்களா? மாப்ள நல்லா இருக்காரா?" என்று கேட்பார். அயலாரிடம் பேசுவது மாதிரி. நான் கொடுத்ததை அவர் திருப்பிக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி வேலையையும் விட்டுவிட்டதாகக் குமார் சொன்னான். அளத்தில் வந்து கூப்பிட்டார்களாம். எம் பின்னால யாரும் வர வேணாம், வேற ஆளை முன்னால போவச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டாராம்.

எனக்கு அப்போதும் அவர்மேல் கோபம் இருந்தது. குமார் எச்சரித்தும் கேட்காமல் வீம்பாக இறங்கினாரே என்பதுதான் என் கணக்கு. அலை வந்த அன்று கடலே ஏரிக்குள் ஏறி, பழைய கெட்டித் தரைமேல் வண்டலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று எனக்குள் நானே ஒரு வருஷம் வழக்காடிக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நைனா லீனாவைப் போல மூன்று மடங்கு கனம். அவரைத் தாங்கிய தரை அவளை ஏன் தாங்கவில்லை?

6

வளைகுடாவில் எங்களைக் கூட்டிப்போனவர் செந்தாடிக்காரர் ஒருவர். அரைக்கால் சட்டை, வெறுங்கால். கடல் போய்விட்டிருந்தது. சாம்பல் நிறத் தரை. வானமும் அதே நிறம். நான் லீனாவின் கையைப் பிடித்திருந்தேன். அவள் தன் கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை.

இறங்குவதற்கு முன் அவர் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரே ஒரு விதி சொன்னார். இந்தச் சேற்றுக்கு மேலே ஒரு தோல் இருக்கிறது. முதலில் போகிறவரைத் தோல் தாங்கும். அவர் கால் பட்ட இடத்தில் அது கிழிந்துவிடும். அதே இடத்தில் அடுத்தவர் கால் வைத்தால் உள்ளே போவார். அதனால் யாரும் யாருடைய தடத்திலும் கால் வைக்கக் கூடாது, ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் பரந்து நடக்க வேண்டும். என்ன சொன்னேன், திரும்பச் சொல்லுங்கள் என்றார். இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். லீனாவும் சொன்னாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று சேற்றுக்குள்ளிருந்து பார்த்த அதே பார்வை. பிரெஞ்சில், யாருக்கும் கேட்காதபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தாத்தா சொன்னது எனக்குப் புரியவில்லை, நீதான் எனக்குச் சொன்னாய்.

 கையை உருவிக்கொண்டு பிள்ளைகளோடு போய்விட்டாள். பக்கவாட்டில் ஒரு அடி விலகி அவள் நடப்பது அன்றைக்கு மட்டும் எல்லாரும் நடப்பதைப் போலவே இருந்தது. நான் கரையிலேயே நின்றேன். உதவிக்கு வந்த அம்மா ஏன் இறங்கவில்லை என்று டீச்சர் கேட்டார். கால் வலி என்றேன்.

அளத்தில் நைனாவின் பழக்கம் பாத்தியைக் காப்பாற்றும். ஏரியில் அதே பழக்கம் பிள்ளையை இறக்கியது. பின்னால் வராமல் தன் வழியே போன அருண் நனையாமல் நின்றான். சொன்ன பேச்சைக் கேட்டவள் மூழ்கினாள். கேட்க வேண்டும் என்று ஆறு மாதம் அவளைத் தயார் செய்தவள் நான். அவர் சொன்னதை அவளுக்குப் புரிகிற பாஷையில் மாற்றி, விரற்கடை கூடத் தள்ளக் கூடாது என்று சேர்த்தும் கொடுத்தவள் நான். கரையில் சத்தம் போட்டவளும் நான்.

7

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊருக்குப் பேசினேன். நைனாவிடம் கொடுக்கச் சொன்னேன். சேற்றின் தோலைப் பற்றி, தடத்தில் கால் வைப்பதைப் பற்றி, அந்தச் செந்தாடிக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார் நைனா.

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. கரையேறுறப்பவே அஞ்சல சொல்லிச்சி. இது அளம் இல்லியே மேஸ்திரி, ஏன் ஒரே தடத்துல வந்தீங்கன்னு."

"அப்பறம் ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

அவருக்குப் பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சொன்னா, நீயும்தான சொன்னன்னு ஆயிடும். புள்ளையப் பெத்தவ. உனக்கு எதுக்கு அதுன்னு உட்டுட்டேன்."

ஒரு வருஷம் கழித்து அவர் என்னிடம் நீ, உனக்கு என்று பேசினார். மன்னித்துக்கொள் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லை. சொல்லத் தெரியாமல், லீனாவிடம் பேசுறியா நைனா என்று கேட்டுவிட்டேன்.

"பேசுமா அது?" என்றார்.

லீனாவும் அருணும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியின் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி அவர்களுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். தாத்தா, என்றேன். லீனா திரும்பவில்லை.

"லீனா கண்ணு" என்றது மேஜை. "தாத்தா பேசுறேன். ரோஸ் கொக்கு இந்த வருஷம் நெறைய தங்கியிருக்குது கண்ணு. நான் கிட்டப் போவல. ரோட்டு மேலேருந்தே பாத்தேன். அங்கேருந்தே நல்லாத் தெரியுது."

திரையை அருண் மறைத்துக்கொண்டிருந்தான் போல. நகரு, எனக்குத் தெரியவில்லை என்று லீனா அவனிடம் பிரெஞ்சில் சொன்னாள்.

"பேசுது" என்றார் நைனா. குரல் உயர்ந்துவிட்டது. "பேசுது பாரு, புள்ள பேசுது. இன்னாம்மா சொல்லுது?"

அருண் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவு தமிழ் புரியும்.

"நல்லா இருக்கேன் தாத்தான்னு சொல்றா" என்றேன்.

"ஊருக்கு வருமான்னு கேளு."

நான் லீனாவின் முதுகைப் பார்த்தேன். கேட்கவில்லை.

"வர்றாளாம் நைனா."

அருண் தலையைக் குனிந்துகொண்டான். மறுமுனையில் நைனா தொலைபேசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"டேய் குமாரு, புள்ள வருதாம்டா."